விடை வேண்டாம், கணக்கு மட்டும் அனுப்பு

விருதுநகர்,
ஞாயிறு மதியம்

சுப்பு,

ஏழு மாதமாக நீ அனுப்பிய எதற்கும் நான் ஒழுங்காகப் பதில் போடவில்லை. கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தேன். நீயும் பெரிய மனசோடு ஒன்றும் சொல்லவில்லை. கோமதியிடம் மட்டும் "பெருமாளுக்கு ஒரு விரல்தான் வேலை செய்யுது போல" என்றாயாம். வந்து சேர்ந்தது. சரி, இங்கே எல்லோரும் சுகம். மழை இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. இந்தக் கடிதமே அந்த வாயைப் பற்றித்தான்.

முதலில் பாலவநத்தம் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். 1978ல் நீ செய்ததை மன்னித்துவிட்டேன். சிரிக்காதே. எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் நீ அந்தக் கதையை எடுப்பாய்: சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டம் இரண்டை வெட்டியாச்சு, மீதி 62 கட்டம், இரண்டு கட்டத்தை மூடும் அட்டை 31 இருக்கிறது, முழுக்க மூட முடியுமா என்று வேலு சார் கேட்டார், பெருமாளுக்கு எட்டு நாளாக வரவில்லை, நான்தான் அருப்புக்கோட்டை பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தேன், அந்த நன்றிகெட்டவன் கோபித்துக்கொண்டு பாலவநத்தத்தில் இறங்கிப்போய்விட்டான் என்று. நீ சொன்னது இரண்டே சொல்: "கறுப்பு வெள்ளை." வெட்டின இரண்டு மூலையும் ஒரே நிறம், அதனால் ஒரு நிறம் 32, இன்னொன்று 30, ஒவ்வொரு அட்டையும் ஒரு கறுப்பு ஒரு வெள்ளையைத்தான் மூடும், ஆகவே முடியாது. இவ்வளவும் அந்த இரண்டு சொல்லுக்குள்ளே இருந்தது. அந்த எட்டு நாளும் வாழைமட்டையில் அட்டை நறுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நீ என் கையிலிருந்து பிடுங்கினாய். மீதி வழியை நடந்தே வீடு வந்தேன். அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு தொலைந்துபோச்சு என்று பொய் வேறு.

ஏன் இப்போது மன்னிப்பு என்று கேட்பாய். போன மாதம் நானே அதைச் செய்துவிட்டேன், ஒரு எட்டாம் வகுப்புப் பையனுக்கு.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அம்மாவின் மகன். நான் ஓய்வுபெற்று வந்த புதிதில் என் மொபெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சீட்டைக் கிழிக்கப் போகிறான் என்று நினைத்து அதட்டினேன். "2748, மூணு தடவை தாத்தா" என்றான். 2748 என் வண்டி நம்பர். எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. பையன் கப்ரேக்கர் மாறிலியை எங்கேயோ கேட்டிருக்கிறான்! நாலு இலக்கத்தைப் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கி, சிறிசிலிருந்து பெரிசாக அடுக்கினதைக் கழி. வந்த விடையை மறுபடி அப்படியே செய். 8742லிருந்து 2478 போனால் 6264. 6642லிருந்து 2466 போனால் 4176. 7641லிருந்து 1467 போனால் 6174. அதற்கு மேல் நகராது, 6174லேயே நிற்கும். நாலு இலக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் போதும், எந்த எண்ணும் அதிகபட்சம் ஏழு தடவையில் அங்கே போய் விழுந்துவிடும். தெருவில் நிற்கிற வண்டிக்கெல்லாம் இவன் தடவை எண்ணிவைத்திருக்கிறான். டாக்டர் வீட்டுக் கார் ஏழாம். அதில் ஒரு மரியாதை அவனுக்கு.

அன்றிலிருந்து அவனை நான் கப்ரேக்கர் என்றே கூப்பிடுகிறேன். அந்த 6174ஐக் கண்டுபிடித்த மனுஷர் மகாராஷ்டிராவில் தேவ்லாலியில் கடைசிவரை பள்ளிக்கூட வாத்தியாராகவே இருந்தவர் என்றதும் இவனுக்கு ஒரே சந்தோஷம். கணக்கு வாத்தியார் சங்கம் சென்னையிலிருந்து நடத்துகிறதே தேசியத் திறன் போட்டி, அதில் ஏழு எட்டாம் வகுப்புக்கான தாளுக்கு அவர் பெயர்தான். அதையும் சொன்னேன். "அப்ப அதை நான் எழுதணும்" என்றான். அப்படி ஆரம்பித்ததுதான், ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில். பிறகு இன்னும் நாலு பிள்ளைகள் வந்தார்கள், இரண்டு பேர் என் வீட்டு முறுக்குக்காக.

உன் பேரன் எழுதின ஆஸ்திரேலியக் கணக்குப் போட்டித் தாளை நீ படம் எடுத்து அனுப்பினாயே, அதையும் இவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். 75 நிமிஷத்தில் 30 கேள்வி. முதல் 25க்கு ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், கடைசி ஐந்துக்கு விருப்பமே கிடையாது, 0லிருந்து 999க்குள் ஏதோ ஒரு எண்ணை நீயாகப் போட வேண்டும். என் கட்சி என்னவென்றால், அந்த ஐந்துதான் சாப்பாடு, மற்ற 25ம் டிபன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், உன் பேரன் அந்த 25ல் 23 வாங்கியிருக்கிறான். உங்கள் ஊர்ப் போட்டியைப் பார்த்துத்தான் பிரான்ஸில் 1991ல் ஒன்று ஆரம்பித்து, நன்றிக்கடனாகக் கங்காரு என்று பெயரும் வைத்தார்கள். ஆனாலும் ஒரு கணக்குக்கு இரண்டரை நிமிஷம் என்பது எனக்கு ஒப்பவில்லை. இந்த மாதிரிப் போட்டிகளுக்கென்றே இங்கே ஒரு பயிற்சி மையம் திறந்திருக்கிறார்கள். வாசலில் பிள்ளைகள் படம் போட்ட பேனர், உள்ளே முந்நூறு சூத்திரம். கப்ரேக்கரின் அம்மா வந்து, "அங்க ஷார்ட்கட் சொல்லிக்குடுக்கிறாங்களாம் சார், சேர்த்துடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம்மா, அவனுக்குச் சுத்துவழிதான் சரி என்று பெரிய ஞானி மாதிரி பேசி அனுப்பினேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அவனுக்கு நான் கொடுத்த கணக்கு இது. கரும்பலகையில் 1லிருந்து 10 வரை எழுதியிருக்கிறது. ஏதாவது இரண்டை அழித்துவிட்டு, அவற்றின் வித்தியாசத்தை எழுது. ஒன்பது எண் இருக்கும். மறுபடி இரண்டை அழி, வித்தியாசத்தை எழுது. இப்படியே போனால் கடைசியில் ஒரே ஒரு எண் மிஞ்சும். அது பூஜ்யமாக வருகிற மாதிரி செய்ய முடியுமா?

மூன்று வாரம், சுப்பு. அம்மாவின் பழைய அளவு நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தின் பின்பக்கத்திலும் போட்டுப் பார்த்திருக்கிறான். முன்பக்கம் இடுப்பு 34, கை 7, கழுத்து முன் 6 என்று இருக்கும். திருப்பினால் இவன் படை அணிவகுத்து நிற்கும். பக்கத்துப் பக்கத்து எண்ணாகக் கழித்தால் ஐந்து ஒன்றுகள் வரும், அவை இரண்டிரண்டாகக் காலியாகி ஒரு ஒன்று அநாதையாக நிற்கும். 1லிருந்து வரிசையாக, வந்த வித்தியாசத்தோடு அடுத்த எண்ணைச் சேர்த்து வித்தியாசம் எடுத்துக்கொண்டே போனால் 5. ஒரு நாள் 9 வரைக்கும் கொண்டுபோயிருந்தான். கடைசி எண்ணை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் முதல் பேச்சு, "இன்னைக்கும் மூணு தாத்தா." ஒரு வாரம் "ஒண்ணு தாத்தா." பூஜ்யத்தை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி முகம்.

நான்காவது ஞாயிறு அவன் நோட்டைப் பிரிக்கவில்லை, என் வாய் பிரிந்துவிட்டது. மொத்தத்தைக் கூட்டிப் பாருடா, 55, ஒற்றைப்படை. இரண்டு எண்ணை எடுத்துவிட்டு வித்தியாசத்தை வைத்தால் மொத்தத்தில் எவ்வளவு குறையும்? சின்ன எண்ணைப் போல இரண்டு மடங்கு. இரட்டைப்படையாகத்தான் குறையும். ஒற்றைப்படையிலிருந்து இரட்டைப்படை போனால் எப்போதும் ஒற்றைப்படைதான். பூஜ்யம் இரட்டைப்படை. அதனால் ஜென்மத்துக்கும் வராது! கடைசி வரியைச் சொல்லும்போது கையைத் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

பையன் "ஓ" என்றான். பேனாவுக்கு மூடி போட்டான். "சரி தாத்தா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனான். அழவில்லை, கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. நானாவது பஸ்ஸிலிருந்து இறங்கினேன்.

நோட்டை விட்டுவிட்டுப் போயிருந்தான். கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். ஜாக்கெட் அளவுக்குப் பின்னால் சிவப்பு மையில்: "எல்லாமே ஒத்தப்படை. ஏன்??" இரண்டு கேள்விக்குறி. தேதி அன்றைக்குத்தான். அதைக் காட்டத்தான் வந்திருக்கிறான்.

இப்போது பதினான்கு நாள் ஆகிறது. வரவில்லை. கேட்டால் வீட்டுப்பாடம் என்கிறானாம். நோட்டைக் கொடுத்து அனுப்பினேன், வாங்கிக்கொண்டானாம்.

ஏன் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவனுக்கு உதவ இல்லை. அதை மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் யாராவது வந்து "சார், இது எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு பையன் கண் விரிவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவன் கண்டுபிடித்தால் விரிவது அவன் கண் மட்டும்தானே, என்னை யார் பார்ப்பார்கள்? அவ்வளவு அற்பம். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

வேலு சார் ஒரு நாளாவது விடை சொல்லியிருக்கிறாரா பார். வெள்ளிக்கிழமை கணக்கைப் போடுவார். திங்கட்கிழமை "எங்கே நிக்கிறே?" என்று மட்டும் கேட்பார். நீ எங்கே நிற்கிறாய் என்று சொன்னால், "ம், அங்கேயே நில்லு" என்பார். மாற்றலாகிப் போகும்போதுகூட அந்தப் பன்னிரண்டு காசுக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார். மூன்று தடவை தராசில் வைத்துக் கள்ளக்காசைப் பிடித்துவிட்டேன் என்று நீ சொல்லிக்கொண்டு திரிவது பொய் என்பது எனக்கு 1979லிருந்து தெரியும்.

ஹங்கேரியில் 1894லிருந்து ஒரு மாத இதழ் இருக்கிறது, போர்க்காலங்களில் நின்றும் எழுந்தும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடுவார்கள், பிள்ளைகள் தபாலில் விடை அனுப்புவார்கள், பிறகு நல்ல விடையை அனுப்பின பிள்ளையின் பெயரோடு அச்சிடுவார்கள். நன்றாகப் போட்டவர்கள் படமும் வரும். இங்கே பேனரிலும் படம்தான். ஆனால் அங்கே விடையும் இன்னொரு பிள்ளையுடையது, இடையில் தபால்காரருக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். என் மாதிரி ஆளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற அந்தத் தபால் போதும்.

1லிருந்து 11 வரை என்றால் என்ன ஆகும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவனுக்கு அனுப்பலாம் என்று எடுத்தேன். மொத்தம் 66, இரட்டைப்படை. ஆனால் இரட்டைப்படை என்பதாலேயே பூஜ்யம் வந்துவிடாது. தடை இல்லை என்றுதான் அர்த்தம், வரவைத்துக் காட்டினால்தான் ஆச்சு. நல்ல கேள்விதான். ஆனால் விடை எனக்குத் தெரியும். தெரிந்தால் சொல்லிவிடுவேன். சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

அதனால் இப்போது காரியத்துக்கு வருகிறேன். நீ எனக்கு ஒரு கணக்கு அனுப்ப வேண்டும். எட்டாம் வகுப்புக்குத் தெரிந்ததை வைத்தே போடக்கூடியதாக இருக்கட்டும். அப்பா வயசு மகன் வயசு, எதிரெதிர் ரயில், தொட்டியில் குழாய், இதெல்லாம் வேண்டாம். கையால் செய்து பார்க்க ஏதாவது இருக்க வேண்டும், நோட்டு நிறைகிற மாதிரி. அப்புறம், எனக்கு விடை தெரியாததாக இருக்க வேண்டும். அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "கப்ரேக்கரே, இது எனக்கும் வரவில்லை, நீ எங்கே நிக்கிறேன்னு சொல்லு, நான் எங்கே நிக்கிறேன்னு சொல்றேன்" என்று கேட்கப் போகிறேன். அது பொய்யாக இருந்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான். உன் பேரனிடமே கேள், உன்னைவிட அவன் நல்லதாகத் தேர்ந்தெடுப்பான்.

மாமா வீட்டு வழக்கு முடிந்ததா? மகளுக்கு என் அன்பு. முறுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள் உன் மனைவி, பார்சல் கட்டணத்தைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். அங்கே மட்டும் மூடத் தெரிகிறது.

கணக்கை எழுத்தில் அனுப்பு. குரல் பதிவு வேண்டவே வேண்டாம். நீ பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷத்தில் விடையும் வந்துவிடும்.

பெருமாள்