"எடை"ன்னா எந்த எடை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நம்ம பத்திரிகையில, இனிமே கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் தாங்களே பேசி வேலைய முடிச்சிக்கும், நடுவுல ஆளே வேணாம்னு ஒரு கட்டுரை வந்துச்சி, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா அதுங்க பேசுறது ஒன்னுக்கொன்னு புரியுதாங்கிற விசயம் அதுல விட்டுப்போச்சி, அதான் எழுதுறேன்.

எனக்கு 4 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கு. பழம் லோரியில நேரா மில்லுக்குப் போயிடும், காசு பழம் வாங்குற டீலர் போடுவாரு. போன வருசம் ரெண்டு பேரு கம்ப்யூட்டரையும் இணைச்சிட்டாங்க. ஒரு வெட்டுக்கு என் பழம் 1,200 கிலோ, காய்ப்பழம் இருக்குன்னு மில்லுல 5 சதவீதம் பொத்தோங் (எடைக் கழிவு) போட்டு 1,140னு அனுப்பியிருக்காங்க, டீலர் கம்ப்யூட்டர் அத கழிக்காத எடைன்னு எடுத்துக்கிட்டு மறுபடி 5 சதவீதம் கழிச்சி 1,083 கிலோவுக்குத்தான் காசு போட்டுச்சி. 57 கிலோ காணோம். எர்ரர் எதுவும் காட்டல, ஏன்னா "எடை"ங்கிற எடத்துல ஒரு நம்பர் வரணும், வந்துடுச்சி, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

கே.எல்.ல சாப்ட்வேர் வேலை பாக்குற என் மகள் சொல்லித்தான் இது புதுப் பிரச்சனை இல்லன்னு தெரிஞ்சிச்சி. இன்டர்நெட் வழியா ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்னுக்கு வேலை செஞ்சி குடுக்குறதுதான் வெப் சர்வீஸ். அத எப்படிக் கூப்புடுறது, என்ன அனுப்பணும்னு எழுதி வைக்க 2001லயே டபிள்யூஎஸ்டிஎல்னு ஒரு முறை வந்துடுச்சி. ஆனா அது நம்பரா எழுத்தான்னுதான் சொல்லும், அர்த்தத்த சொல்லாது. அந்த அர்த்தத்தையும் மெசினுக்குப் புரியுற மாதிரி முறையா எழுதணும்னு 2004ல ஆவுல்-எஸ்னு ஒன்ன, வெப்புக்கு பொது விதிமுறை வகுக்குற டபிள்யூ3சி அமைப்புக்கிட்ட குடுத்தாங்க. இந்த சர்வீஸ் என்ன செய்யும், எப்படி நடக்கும், எப்படிக் கூப்புடணும்னு அதுல மூனு பகுதி. எனக்கு ரொம்பப் புடிச்சது எது தெரியுமா, உள்ள போறது வெளிய வர்றது மட்டுமில்லாம, முன்கூட்டி என்ன நடந்திருக்கணும், முடிஞ்சதும் உலகத்துல என்ன மாறியிருக்கும்னும் தனித்தனியா எழுதணும். ரசீது நம்பர் திரும்பி வர்றது வேற, காசு பேங்குல ஏறுறது வேற, காசு வாங்குறவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். "கழிக்காத எடை", "கழிச்ச எடை"ன்னு ரெண்டு தனிப் பொருளா எழுதி வச்சி, இணைக்கும்போது அதையும் பாக்க வச்சிருந்தா, ரெண்டும் ஒன்னில்லன்னு கம்ப்யூட்டரே நிறுத்தியிருக்கும்.

இந்த ஆவுல்-எஸ் பெரிசா பரவல, உண்மைதான், எழுதுறது அவ்வளவு வேலை. 2007ல வந்த எஸ்ஏ-டபிள்யூஎஸ்டிஎல் கொஞ்சம் லேசு, பழைய விவரத்துலயே இந்தச் சொல்லுக்கு அர்த்தம் அங்க இருக்குன்னு ஒரு குறிப்பு போட்டா போதும். அதாவது செய்யலாமே!

நான் ரப்பர் தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்கு எழுதுறவனா இருந்தவன். பால் கொண்டாந்து ஊத்துனா வாளிய எடை போட்டுட்டு, மெட்ரோலாக்னு ஒரு அளவு கருவிய பால்ல மிதக்க விட்டு ரப்பர் எவ்வளவு இருக்குன்னு பாப்போம், மிச்சமெல்லாம் தண்ணிதான், மழை பேஞ்ச மறுநாள் இன்னும் கொறையும். 20 கிலோ பால்னா காய்ஞ்ச ரப்பர் 7 கிலோகூட தேறாத நாள் உண்டு. அதனால புக்குல ஈர எடைக்கு ஒரு பத்தி, காய்ஞ்ச எடைக்கு ஒரு பத்தி, தலைப்பு தெளிவா எழுதியிருக்கும், புதுசா வர்ற கிராணிகூட தப்பு பண்ண முடியாது.

இப்ப நம்ம மலேசியாவுல 2024 ஆகஸ்ட்லேருந்து இ-இன்வாய்ஸ், அதாவது கம்ப்யூட்டர் வழியா அனுப்புற பில், வந்திருக்கு, அதுல கிலோவுக்கு கேஜிஎம்னு ஒரே குறியீடு, யாரு அனுப்புனாலும் அதேதான், அந்த மட்டும் நல்லது. ஆனா கேஜிஎம் கிலோன்னுதான் சொல்லும், பொத்தோங் போட்டதா போடாததான்னு சொல்லாது.

என் 57 கிலோவுக்கு ரெண்டு மாசம் அலைஞ்சி காசு வாங்கிட்டேன், ரசீது வச்சிருந்தேன். அதே லோரியில பழம் ஏத்துன பக்கத்து வீட்டு அம்மா ரசீதத் தூக்கிப் போட்டுட்டாங்க, அவங்களுக்கு இன்னும் வரல. ஆசிரியர் அய்யா, நம்ம பிள்ளைங்க நெறைய பேரு இப்ப கம்ப்யூட்டர் படிக்குதுங்க, மாணவர் பக்கத்துல இதப் பத்தி வெவரமா ஒருத்தர எழுத வைங்க. சிஸ்டம் செய்யுறவங்க "எடை"ன்னு ஒரு பேரு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு காலையில மில்லு தராசுக்கிட்ட வந்து நின்னு, அங்க நிறுக்குறவங்கள கேட்டு எழுதிக்கிட்டுப் போவட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.