பரிசுத்தம் கூலியிலும் தராசிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரிசுத்த வாழ்வு என்றதும் உபவாசமும் நீண்ட ஜெபமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ‘பரிசுத்தராயிருங்கள்’ என்று தொடங்கும், பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால் வேறு காட்சி தெரியும். கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, தராசும் படியும் சரியாக இருக்கட்டும், வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை, காது கேளாதவனை நிந்திக்காதே. இயேசுவின் சீடர் பேதுரு தம் முதல் நிருபத்தில் (கடிதத்தில்; 1:15, 16) எடுத்தாள்வதும் இதே கட்டளையைத்தான்.

பெரும்பாலும் தவறுவது மனந்திரும்புதலில். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டதோடு கணக்கு முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஏமாற்றி எடுத்ததை முழுவதும் திருப்பி, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்த பிறகே பலி என்பது லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் முறை. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் தருவதாகச் சொன்னான். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு (மத்தேயு 5:23, 24). இந்த வரிசையைத் தலைகீழாக்குவது எளிது. காணிக்கைப் பை கையருகே வருகிறது, சகோதரன் வீட்டுக்கு நடந்து போக வேண்டும்.

இரவு ஜெபத்துக்கு முன் இரண்டு கேள்விகள் போதும்: இன்று யாருக்குக் கொடுக்க வேண்டியதை நிறுத்திவைத்தேன்? யாரைப் பற்றிப் புறங்கூறினேன்? பதிலில் ஒரு பெயர் வந்தால், மறுநாள் காலை முதல் வேலை அதுவே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்