கரையைக் கடந்த பிறகுதான் எங்களுக்கு மழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. இனி வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் போதும், அது எங்கே கரையைக் கடக்கும் என்பதுதான் எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கச் செய்தி. அந்தப் பரபரப்பு தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தைய இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. பல மணி நேரம் அங்கேயே நகராமல் நின்று புதுச்சேரியில் 48 செ.மீ., மயிலத்தில் 51 செ.மீ. என்று கொட்டித் தீர்த்தது. அன்று மாலை வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். 'புயல் வலுவிழந்தது' என்று திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. சரி, முடிந்தது என்று படுத்துவிட்டோம். நாங்கள் இருப்பது ஊத்தங்கரையில், புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் உள்ளே. விடிவதற்குள் 50 செ.மீ. மழை. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நாடே பார்த்தது. அதே ஞாயிறு மாலைதான் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். எங்கள் பாம்பாற்றுத் தண்ணீரும் போய்ச் சேரும், தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து அந்த நள்ளிரவுக்குப் பிறகு விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டியதாயிற்று. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்ட மக்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

'வலுவிழந்தது' என்பது பொய் இல்லை. ஆனால் அந்தச் சொல் காற்றை மட்டுமே குறிக்கிறது. வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெயர் மாற்றுகிறது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்கும் கீழே வந்தால் வெறும் தாழ்வு மண்டலம். இந்தக் கணக்கில் மழைக்கு இடமே கிடையாது. நிலத்துக்குள் வந்ததும் வெதுவெதுப்பான கடல்நீரின் ஆதரவு போய்விடும், தரையின் உராய்வும் சேர்ந்து காற்று தளரும். ஆனால் அது சுமந்து வந்த ஈரம் ஒரே இரவில் எங்கே போகும்? சுழற்சி அடங்கும்வரை வங்கக்கடலிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

தமிழில் கரையேறினான், கரை சேர்ந்தான் என்றால் துன்பம் தீர்ந்தது என்று அர்த்தம். 'புயல் கரையைக் கடந்தது' என்று படிக்கும்போதும் மனம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. உள்மாவட்டக்காரர்களான எங்களுக்கோ அதற்குப் பிறகுதான் அது வந்து சேர்கிறது.

கரையைக் கடக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 டிசம்பரே போதும். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. மூழ்கியது சென்னை. இரண்டு வாரம் கழித்து காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அது புயலே இல்லை, வெறும் வளிமண்டலச் சுழற்சி. பெயர் சூட்டாத மழைக்கு யார் பயப்படுவார்கள்?

முன்கணிப்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஃபெஞ்சல் புயலாக மாறுமா மாறாதா என்பதே கடைசி இரண்டு நாள் வரை ஊசலாடியது. செயற்கைக்கோள், ரேடார், பல கணினி மாதிரிகள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். பாதையைக் காட்டும் படத்திலும் ஒற்றைக் கோடு போடுவதில்லை. நாள் செல்லச் செல்ல அகலமாகும் ஒரு கூம்பையும் சேர்த்தே போடுகிறார்கள். அந்தக் கூம்புக்குள் எங்கு வேண்டுமானாலும் மையம் போகலாம். மழையோ கூம்புக்கு வெளியேயும் பெய்யும். அந்தப் படம் செய்திக்கு வரும்போது கூம்பு காணாமல் போய் நடுவில் உள்ள கோடு மட்டும் மிஞ்சுகிறது.

உங்கள் நாளிதழ் அந்தப் படத்தை முழுதாக வெளியிட வேண்டும். அதன் பக்கத்திலேயே எந்த மாவட்டத்துக்கு மஞ்சள், எதற்கு ஆரஞ்சு, எதற்கு சிவப்பு எச்சரிக்கை என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அப்புறம், புயல் வலுவிழந்த அன்று தலைப்பில் 'காற்று தணிந்தது' என்று எழுதி, அடுத்த வரியிலேயே மழை இனி எந்தெந்த மாவட்டங்களுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்