அகத்தியர் அங்கே உதிப்பதில்லை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வாட்ஸ்அப்பில் நீ பால்கனியில் நடுங்கிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, தெற்குப் பக்கம் ஒன்றுமே இல்லையே" என்றபோதே சொல்லியிருப்பேன், அதற்குள் அம்மா புகுந்து தொப்பி போட்டாயா, சாப்பிட்டாயா என்று தொடங்கிவிட்டார், கதை அதோடு போயிற்று. பிழை உன் கண்ணில் இல்லை. ரொறன்ரோவில் அகத்தியர் உதிப்பதே இல்லை.

வான நடுக்கோட்டிலிருந்து, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடுகிற கோட்டிலிருந்து, ஏறக்குறைய 53 பாகை தெற்கே இருக்கிற நட்சத்திரம் அது. பூமியில் வடக்கு அகலக்கோடு 37 பாகையைத் தாண்டினால் அடிவானத்துக்கு மேல் தலை காட்டாது, நீ இருப்பதோ 43ஐயும் தாண்டி. புளோரிடாப் பக்கம் போனால் பார்க்கலாம், அதுவும் தரையை ஒட்டித்தான். இங்கே வெள்ளவத்தையில் இந்த மாசி மாதம் இரவு எட்டரை, ஒன்பதுக்கு நேர் தெற்கே நிற்கிறார். கையை நீட்டி, பொத்திய கையை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வைத்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு. ஒரு வேடிக்கை என்னவென்றால், அங்கே உனக்குத் தெரிகிற சிரியஸ் நட்சத்திரமும் உச்சத்தில் அதே மூன்று கை உயரம்தான் வரும். எங்களுக்கு அது கிட்டத்தட்டத் தலைக்கு மேல்.

இரவு வானத்து நட்சத்திரங்களில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் இவருக்குத்தான். ஆனால் அந்த இரண்டாம் இடத்தை நம்பாதே. சிரியஸ் 8.6 ஒளியாண்டில், அதாவது அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 8.6 வருடம் எடுக்கிற தூரத்தில், பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது, அதன் ஒளி நம் சூரியனைப்போல் 25 மடங்குதான். இவர் 310 ஒளியாண்டு தள்ளி நின்றுகொண்டு சூரியனைப்போல் 10,000 மடங்குக்கு மேல் எரிகிறார். அகலம் சூரியனைப்போல் 70 மடங்கு, சூரியன் இருக்கிற இடத்தில் தூக்கி வைத்தால் புதனின் பாதையைத் தொடுகிற அளவுக்கு வந்துவிடும். நான் இன்றிரவு பார்க்கிற வெளிச்சம் கொழும்பை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கிளம்பியது, வுல்ஃபெண்டால் தேவாலயம்கூட அப்போது கட்டப்படவில்லை. நீ பார்க்கிற சிரியஸின் வெளிச்சம் எப்போது கிளம்பியது என்று கணக்குப் போட்டேன். நீ போனது ஆடியில், எட்டு வருடம் ஏழு மாதம். சரி, அதை விடு.

பெயர்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. கிரேக்கர் கனோபஸ் என்றார்கள், கதையில் அது மெனலாவுஸ் என்ற கிரேக்க அரசனின் கப்பலோட்டியின் பெயர். அரபியில் சுஹைல், இங்கே எத்தனை முஸ்லிம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்! பாலைவனத்து ஆட்களுக்கு அது விடிகாலையில் தெரியத் தொடங்கினால் வெயில் தணியப் போகிறது என்று அர்த்தம். சீனர்களுக்குத் தென் துருவத்துக் கிழவர், நீண்ட ஆயுள் தருகிறவர். நமக்கு அகத்தியர். சிவன் கலியாணத்துக்கு எல்லாரும் இமயத்தில் கூடி வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததால், சமப்படுத்த இவரைத் தெற்கே அனுப்பினார்களாம். கனடாவில் இப்போது கூடியிருக்கிற நம் சனத்தைப் பார்த்தால் இன்னொரு அகத்தியரை அனுப்ப வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

கப்பலோட்டி என்ற பெயர் பொருத்தம்தான். 1964இல் செவ்வாய்க்கு அனுப்பிய மரினர் 4 கலம் தன் நிலை தவறாமல் இருக்கச் சூரியனோடு இவரையும்தான் குறி பார்த்துக்கொண்டு போனது.

கொழும்பு வெளிச்சத்திலும் இவர் தெரிவார், ஆனால் நான் வயிறு நிறையப் பார்த்தது 2022 பங்குனியில், 13 மணித்தியாலம் கரன்ட் இல்லாத நாட்களில். அம்மா கீழே மெழுகுதிரி தேடித் திட்டிக்கொண்டிருந்தார், நான் மொட்டைமாடியில். ஊரே இருட்டு, கடல் பக்கம் சாய்ந்தபடி இவர் மட்டும் வெள்ளையாக.

மார்கழி லீவில் வந்தாலும் பரவாயில்லை, இரவு பத்துக்குத் தென்கிழக்குப் பக்கமாக ஏறியிருப்பார். மாடிக் கதவின் திறப்பு இப்போது காவலாளியிடம் இருக்கிறது, நான் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்
அப்பா