மருந்துச் சீட்டு பற்றி ராமநாதனுக்கு

மன்னார்குடி
கார்த்திகை 6

அன்புள்ள ராமநாதனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பின் அண்ணனின் நிலத்தை நீயே பார்க்கத் தொடங்கியதும், முதல் சம்பாவே நன்றாகத் தூர் கட்டிப் பக்கத்தண்டுகள் விட்டிருப்பதும் மிகுந்த மகிழ்ச்சி அளிக்கின்றன. இங்கு அனைவரும் நலம். பெரியவள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் வீடு கலகலப்பாக இருக்கிறது. மழைதான் விட்டபாடில்லை, வாய்க்கால் ஓரத்து வயல்களில் தண்ணீர் வடிவதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொள்கிறது.

நட்டு இருபத்தைந்து நாளான பயிரில் இலைகள் சுருண்டு வெளுத்திருக்கின்றன என்றும், கடைக்காரர் மூன்று பூச்சி மருந்துகளை எழுதிக் கொடுத்து ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். அந்தச் சீட்டை இப்போதைக்குச் சட்டைப்பையிலேயே வைத்திரு. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குறுவைக்கு வாங்கிய உரத்துக்கான பாக்கியை அறுவடை வரை பொறுத்துக்கொள்பவரும், இரவு எட்டு மணிக்குப் போனாலும் ஏதேனும் ஒரு பதில் சொல்பவரும் அவர்தான். ஆனால் மருந்து விற்றால் வருமானம் பெறுபவரே மருந்து வேண்டுமா என்பதையும் தீர்மானிக்கிறார் என்பதை நீ மறந்துவிடக் கூடாது. விவசாயிக்கு விவரம் போதாததால்தான் கண்டபடி அடிக்கிறான் என்று நகரத்தில் பேசிக்கொள்கிறார்கள்; நான் பார்த்தவரை விவரத்தைவிடப் பயமே பெரிய காரணம். பக்கத்து வயலில் பவர் ஸ்பிரேயர் சத்தம் கேட்டால் போதும், அங்கிருந்து பூச்சியெல்லாம் நம் வயலுக்கு வந்துவிடுமோ என்று வயிற்றில் புளி கரைக்கத் தொடங்கிவிடும். குத்தகைக்காரனுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு, ஏனெனில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை நெல்லை அளந்தாக வேண்டும்.

நீ சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது இலைச்சுருட்டுப் புழுதான். வயலின் குறுக்கே நடந்து, ஆங்காங்கே இருபது குத்துகளை, அதாவது ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளைப் பார்த்து, மொத்த இலைகளில் எத்தனை இலைகள் சேதமாகியுள்ளன என்று எண்ணிப் பார். தூர் கட்டும் பருவத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கதிருக்கு முந்திய கடைசி இலையான கண்ணாடி இலை வரும் சமயத்தில்தான் அந்த வரம்பு ஐந்து சதவீதமாகக் குறைகிறது. இளம் பயிர் இழந்த இலையைப் புது இலைவிட்டு ஈடுசெய்துகொள்ளும். வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 1994இல், விதைத்த முதல் நாற்பது நாட்களுக்கு இலை தின்னும் புழுக்களுக்காக மருந்தடிக்க வேண்டாம் என்பதை வானொலி நாடகங்கள் மூலம் விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தார்கள். அதை நம்பி நிறுத்திப் பார்த்தவர்களின் விளைச்சல் குறையவில்லை. யூரியாவை ஒரே தடவையில் கொட்டிப் பயிரைக் கரும்பச்சையாக்கினால் இந்தப் புழு கூடும் என்பதையும் நினைவில் வை. என் தகப்பனார் இலந்தை முள் கிளையைக் கயிற்றில் கட்டிப் பயிரின் மேல் இழுத்துச் செல்வார். சுருட்டல் பிரிந்து புழு தண்ணீரில் விழுந்துவிடும். சிறிய வயலுக்கு அந்த வழி இன்றைக்கும் செல்லும்.

உன் சீட்டில் இரண்டாவதாக இருக்கும் குளோர்பைரிபாஸ் சைபர்மெத்ரின் கலவைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. தற்கொலைகளைத் தடுப்பதற்காகத் தமிழக அரசு 2023 தொடக்கத்தில் அறுபது நாட்களுக்கு விற்பனையை நிறுத்தி வைத்த ஆறு மருந்துகளில் அந்தக் கலவையும் ஒன்று. வயலைப் பொறுத்தவரை அதனால் வரும் கேடு வேறு வகையானது. சைபர்மெத்ரின் போன்றவற்றை இப்போது அடித்தால் புழு சாகும், கூடவே சிலந்திகளும் செத்துவிடும். மார்கழியில் தண்டின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி இறங்கும்போது அதைத் தின்ன ஆள் இருக்காது. நாளைக் காலையில் வயலில் இறங்கி ஒரு குத்தை இரு கைகளாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார். முட்டைப் பையை வயிற்றோடு சுமந்துகொண்டு தண்ணீரின் மேலேயே ஓடும் சாம்பல் நிறச் சிலந்தி தென்படும். புகையானின் முட்டைகளை உறிஞ்சும் பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் அங்கேதான் இருக்கும். அது மிகச் சிறியது, தெரியாதவர்கள் அதையே பயிரைக் கெடுக்கும் தத்துப்பூச்சி என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். தூருக்கு ஒரு புகையான் இருந்தால் நடவடிக்கை தேவை என்று கூறும் நமது வேளாண் பல்கலைக்கழகம், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்கிறது.

இந்தோனேசியாவில் இதை ஒரு நாடே பட்டுத் தெரிந்துகொண்டது. அரசு மானியத்தில் மருந்து மலிவாகக் கிடைத்த காலத்தில்தான் அங்கே புகையான் பெருகியது. 1986இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கப்பட்ட 57 மருந்துகளைத் தடை செய்தார், அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நின்றது. நெல் உற்பத்தி சரியவில்லை. 1989இல் அங்கே தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளில் விவசாயிகள் வாரந்தோறும் வயலில் உட்கார்ந்து பூச்சிகளை எண்ணி, படம் வரைந்து, அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள்.

மாற்று என்றதும் வேப்பங்கொட்டைக் கரைசலைக் கேட்டிருக்கிறாய். ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டையாக இருக்க வேண்டும். ஓராண்டுப் பழசு பயன் தராது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பை ஐந்து கிலோ எடுத்து இடித்து, பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து நூறு லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடி. அடித்த மறுநாளே புழு செத்து மிதக்கும் என்று எதிர்பார்க்காதே. அது புழுவைத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் செய்வது. மழை மேகம் இருக்கும் நாளில் அடித்தால் உழைப்பு அத்தனையும் வீண். புழுவின் முட்டைகளை அழிக்கும் சிறு குளவியான டிரைகோகிரம்மாவின் முட்டை அட்டை கிடைத்தால் ஏக்கருக்கு 2 சிசி (கன சென்டிமீட்டர்) வீதம் நட்ட 37, 44, 51ஆம் நாட்களில் கட்டலாம், ஆனால் அதையொட்டி ரசாயனம் அடித்தால் அந்தக் குளவிகள் பிழைக்காது. உயிரி மருந்து என்று பெயர் போட்ட புட்டியையும் பதிவு எண் இல்லாமல் வாங்காதே.

எண்ணிக்கை வரம்பைத் தாண்டி ரசாயனம்தான் என்று ஆகிவிட்டால், அடிப்பவருக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் நீயே வாங்கிக் கொடு. தெளிப்பானின் நாசில் அடைத்தால் வாயால் ஊதும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் பருத்திக் காடுகளில் மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி உனக்கும் நினைவிருக்கும். அதிகமாக வியர்த்து, எச்சில் ஒழுகி, கண் மங்கினால் காத்திருக்காமல் புட்டியுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக அமையும்.

எண்ணி முடித்ததும் சுருண்ட இலையின் சதவீதத்தையும், குத்துக்கு எத்தனை சிலந்தி என்பதையும், இரண்டாம் யூரியாவை என்றைக்குப் போட்டாய் என்பதையும் எழுது. தை பிறந்ததும் நானும் என் மனைவியும் அங்கே வருவதாக இருக்கிறோம், அண்ணியாரிடம் சொல்லிவை.

அன்புடன்,
கோபாலன்