கோடை விடுமுறையில் தனுஷ்கோடிக்கு வரும் குடும்பங்களுக்கு நிழலும் குடிநீரும் உள்ளூர் மீன் உணவும் கிடைக்க ஆவன செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: கோடை விடுமுறைக் காலத்தில் தனுஷ்கோடி, அரிச்சல்முனை பகுதிக்கு வரும் குடும்பங்களுக்கு அடிப்படை வசதிகள் செய்து தரவும், அங்குள்ள மீனவப் பெண்கள் நடத்தும் உணவுக் கடைகளை முறைப்படுத்தி ஊக்குவிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த எங்கள் குடும்பமும் என் தங்கையின் குடும்பமும் வரும் மே மாதம் பள்ளி விடுமுறையில் தங்கள் மாவட்டக் கடற்கரைக்கு மூன்று நாள் பயணமாக வருவதற்குத் திட்டமிட்டு வருகிறோம். எழுபது வயதைக் கடந்த என் தாயார், மூட்டுவலியால் அவதிப்படும் மாமனார், கைக்குழந்தையுடன் தங்கை, பள்ளி செல்லும் பிள்ளைகள் எனப் பல வயதினரும் உடன் வருகின்றனர். எந்த நாளில் எங்கே செல்வது, எங்கே சாப்பிடுவது, வயதானவர்களை வெயிலில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று உட்கார்ந்து பேசியபோது எழுந்த சில தேவைகளைத் தங்களது மேலான பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இவை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. கடலே இல்லாத மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவதற்காக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியவை என்பதால்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

1914ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் இருந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பிறகு, ரயிலில் வருபவர்கள் மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் பேருந்தோ ஆட்டோவோ பிடித்துத் தீவுக்குள் வர வேண்டியிருந்தது. முதியவர்களை அழைத்துவரும் பல குடும்பங்கள் அந்தக் காரணத்தாலேயே பயணத்தைத் தள்ளிப்போட்டன. நாங்களும் அவ்வாறே செய்தோம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கப்பட்டு ரயில் மீண்டும் இராமேசுவரம் வரை வருவதால், இனி விடுமுறைக் காலத்தில் குடும்பங்களின் வரவு கூடவே செய்யும்.

எங்கள் திட்டத்தின் முதல் நாள் திருக்கோயில் தரிசனம், அக்கினி தீர்த்தம், 22 தீர்த்தங்களில் நீராடல், மாலையில் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் இல்லம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. மூன்றாம் நாள் 1897ஆம் ஆண்டு விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகால், அரியமான் கடற்கரை, திரும்பும் வழியில் திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை என்று வைத்திருக்கிறோம். இந்த இரண்டு நாட்களைப் பற்றி எங்களுக்குக் கவலை ஏதுமில்லை. கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் பெரும்பாலும் சைவ உணவே கிடைப்பது அந்தத் தலத்தின் மரபுக்கு உகந்தது. அதில் மாற்றம் வேண்டும் என்று நான் கோரவில்லை. எங்கள் கவலை எல்லாம் இரண்டாம் நாளைப் பற்றியது. அதாவது தனுஷ்கோடியைப் பற்றியது.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களையும் ரயில் நிலையத்தின் எச்சங்களையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். முன்பு மணலில் ஓடும் வண்டிகளில் குலுங்கிக்கொண்டு போக வேண்டியிருந்த இடத்துக்கு, 2017இல் சாலை திறக்கப்பட்ட பின் அரசுப் பேருந்தே தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை செல்கிறது. ஆனால் சாலை போய்ச் சேரும் இடத்தில் ஒதுங்குவதற்கு மரமில்லை. இரு புறமும் கடல், நடுவே மணல், தலைக்கு மேலே வெயில். முன்பு வந்திருந்தபோது, முற்பகல் வேளையிலேயே வயதானவர்கள் நிறுத்தப்பட்டிருந்த வேன்களின் நிழலில் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். ஒரு தாய் காரின் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே புழுக்கத்தில் குழந்தைக்குப் பாலூட்டினார். எங்களுடன் வந்த பெண்கள், போகிற இடத்தில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தனர். மே மாத வெயிலில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒரு முதியவர் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து உணவு. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிகளின் கோடை விடுமுறை ஏறத்தாழ முழுவதும் இந்தத் தடைக்காலத்துக்குள்தான் வருகிறது. இதை அறியாமல் வரும் வெளியூர்க் குடும்பங்கள் வஞ்சிரமும் பெரிய இறாலும்தான் கடற்கரைச் சாப்பாடு என்று நினைத்துக் கேட்கின்றன. கேட்பதைக் கொடுக்கக் கடைக்காரர்கள் வேறு ஊர்களிலிருந்து ஐஸில் வைத்து வந்த மீனை வாங்குகின்றனர். விலை ஏறுகிறது, சுவை குறைகிறது. அதே நேரத்தில் தடைக்குள் வராத நாட்டுப்படகுக்காரர்களும் கரைவலை இழுப்பவர்களும் கொண்டுவரும் சூடை, சாளை, காரல், நெத்திலி, நண்டு, கணவாய் ஆகியவை அந்தக் கரையிலேயே, சில நூறு அடி தூரத்தில் கிடைக்கின்றன. தடைக்காலத்தில் அந்த மீனைச் சாப்பிடுவதே முறையும் ஆகும். மீன்வளம் பெருகுவதற்காக அரசு விதித்த தடையின் நோக்கத்தையும் அது காக்கும்.

அங்கே ஓலைக் கொட்டகையில் கடை வைத்திருந்த ஓர் அம்மா சமைத்ததை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கூடையில் அப்போதுதான் வந்திருந்த சூடை மீனைச் செதில் உரசி, இரண்டு பக்கமும் கீறி, அம்மியில் அரைத்த மிளகாயும் மஞ்சளும் உப்பும் சேர்ந்த விழுதைக் கீறலுக்குள் விரலால் அழுத்தித் தேய்த்து, இரும்புத் தோசைக்கல்லில் போட்டார். மிளகாய் எந்த ஊர் என்று கேட்டேன். நம்ம ஊர் முண்டு மிளகாய்தான் என்றார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயும், காலையில் கரையேறிய மீனும், இந்தப் பருவத்தில் கிடைக்கும் பதநீரும் நுங்கும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைப்பது தங்கள் மாவட்டத்துக்கே உரிய செல்வம். வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் அதைச் சுவைக்காமல், பொட்டலத் தின்பண்டங்களைத் தின்றுவிட்டுத் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஆனால் அந்தக் கடைகளை நம்பி ஒரு பெரிய குடும்பத்துக்கு மதிய உணவைத் திட்டமிட முடியவில்லை. எந்தக் கடை எந்த நாளில் திறந்திருக்கும், பத்துப் பேருக்குச் சோறு கிடைக்குமா, கை கழுவத் தண்ணீர் இருக்குமா, விலை என்ன என்பவை முன்கூட்டியே தெரிவதில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் மீனின் விலையைச் சொல்லாமலே பரிமாறிவிட்டுக் கடைசியில் எதிர்பாராத தொகையைக் கேட்ட அனுபவம் எங்களுக்கும் உண்டு. அதனால் வீட்டுப் பெண்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்கின்றனர். குடும்பங்கள் இப்படிக் கட்டுச்சோற்றோடு வந்து போனால், அந்தக் கரையிலேயே பிழைக்கும் மீனவக் குடும்பங்களுக்குச் சுற்றுலாவால் கிடைப்பது குப்பை மட்டுமே.

ஆகவே, தனுஷ்கோடியில் ஏற்கெனவே கடை வைத்திருக்கும் மீனவப் பெண்களையே மகளிர் சுயஉதவிக் குழுக்களாக ஒருங்கிணைத்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றும் தூய்மைப் பயிற்சியும் வழங்கி, கோடை விடுமுறைக் காலத்தில் அவர்கள் முறை வைத்து மதிய உணவு நடத்துவதற்கு வழிசெய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அன்று காலை வந்த மீன் எது, அதன் விலை என்ன என்பதைத் தமிழில் எழுதிய ஒரு பலகை ஒவ்வொரு கடையின் முன்பும் இருக்க வேண்டும். முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைத்தால் இத்தனை பேருக்குச் சமைப்பார்கள் என்ற ஏற்பாடும் இருந்தால், மீன் வீணாகாது. குடும்பங்களும் நம்பி வருவார்கள். தங்கள் மாவட்டத்திலேயே காரங்காட்டில் வனத்துறை ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு அலையாத்திக் காட்டுப் படகுச் சுற்றுலாவை நடத்தி வருவது இதற்கு நல்ல முன்னோடி.

இந்த ஏற்பாட்டை எக்காரணம் கொண்டும் வெளியூர் ஒப்பந்ததாரருக்கு ஏலத்தில் விட்டுவிட வேண்டாம் என்பதை அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்த மண்ணில், மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்துக் குடித்து, அந்தக் கடலை விட்டுப் போகாமல் இருப்பவர்கள் அவர்கள். அங்கு வரும் வருமானத்தில் முதல் உரிமை அவர்களுடையது.

நிழற்கூடம், குடிநீர்த் தொட்டி, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற கழிப்பறை, பாலூட்டும் அறை ஆகியவற்றை அரிச்சல்முனையிலும் பழைய தேவாலயப் பகுதியிலும் அமைக்க வேண்டுகிறேன். இவை கான்கிரீட் கட்டடங்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, இருக்கவும் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கும் வனத்துறையின் நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, பனங்கம்பும் ஓலையும் கொண்ட பந்தல்களும், விடுமுறை முடிந்ததும் அகற்றக்கூடிய நடமாடும் கழிப்பறைகளும் போதுமானவை. கழிவுநீர் மணலில் கலக்காமல் வண்டியில் எடுத்துச் செல்லப்பட வேண்டும் என்பதை மட்டும் உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் அங்குள்ளவர்கள் குடிப்பது அதே மணலில் ஊறும் நீரைத்தான். 2019 முதல் நடைமுறையில் உள்ள நெகிழித் தடையை அங்கே கண்டிப்புடன் செயல்படுத்தி, உணவை இலையிலும் பதநீரைப் பனையோலைப் பட்டையிலும் வழங்கச் செய்தால், பனை சார்ந்த தொழிலாளர்களுக்கும் வேலை கிடைக்கும்.

கடல் பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடபுறக் கடலைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடா உள்ள தென்புறத்தை ஆண் கடல் என்றும் ஊர் மக்கள் சொல்வது வழக்கம். மே மாதத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழத் தொடங்கும்போது தென்புறம் கொந்தளிக்கும் என்பது உள்ளூர்ச் சிறுவனுக்கும் தெரியும். நாமக்கல்லிலிருந்து வரும் கல்லூரி மாணவனுக்குத் தெரியாது. அரிச்சல்முனையில் நீரோட்டத்தின் ஆபத்தை விளக்கும் பெரிய பலகைகளும், விடுமுறை நாட்களில் உயிர்காக்கும் பயிற்சி பெற்ற உள்ளூர் மீனவ இளைஞர்களின் காவலும் வேண்டும். குளிக்கக் கூடாது என்று சொல்வதோடு நிறுத்தாமல், பிள்ளைகளுடன் பாதுகாப்பாகக் காலை நனைக்க எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்பதையும் அதே பலகையில் எழுதினால் மக்கள் கேட்பார்கள்.

இறுதியாக, பயணத்தைத் திட்டமிடும் குடும்பங்களுக்கென ஒரே பக்கத்தில் தமிழ்க் கையேடு ஒன்றைச் சுற்றுலாத் துறை வழியே வெளியிட்டு, ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் வைக்க வேண்டுகிறேன். இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனைக்குச் செல்லும் பேருந்துகளின் நேரம், கடைசிப் பேருந்து திரும்பும் நேரம், பார்வையாளர்களுக்கான அனுமதி எத்தனை மணி வரை என்ற விவரம், தடைக்காலம் பற்றிய ஒரு குறிப்பு, உணவுக் குழுவின் தொடர்பு எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். 2025 ஜூனில் அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயத்தை அறிவித்ததைப் படித்துவிட்டு என் தங்கை மகள் மே மாதத்திலேயே அவற்றைப் பார்க்கலாம் என்று ஆசையோடு இருக்கிறாள். பூநாரைகளைக் காண ஏற்றது குளிர்காலம் என்பதையும் கையேட்டில் சொல்லிவிடலாம். பவளமும் கடற்குதிரையும் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றை வாங்குவதும் குற்றம் என்ற எச்சரிக்கையும் அதில் இடம்பெறுவது நல்லது.

மேற்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலித்து, வரும் ஏப்ரல் 15ஆம் தேதி தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பாக, குறைந்தபட்சம் நிழற்பந்தல், குடிநீர், கழிப்பறை, விலைப்பலகை ஆகிய நான்கையாவது நடைமுறைக்குக் கொண்டுவர உரிய துறைகளுக்கு உத்தரவிடுமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்குக் கடிதம் மூலம் தெரிவிக்குமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)

நகல்:
மாவட்டச் சுற்றுலா அலுவலர், இராமநாதபுரம் மாவட்டம்.
நகராட்சி ஆணையர், இராமேசுவரம்.