தூங்க விடாத அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு 108-இல் கொண்டுவந்து சேர்த்தவர்கள், ரத்தம் கொடுத்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், எங்களுக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்த பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இரண்டாம் நாள் இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்காவுக்காகத்தான்.

முதல் நாள் அப்பா நன்றாகப் பேசினார். இடது கையும் காலும் வரவில்லை, அவ்வளவுதான். கண்டம் தாண்டிவிட்டது என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் சாயங்காலத்திலிருந்து தூங்கிக்கொண்டே இருந்தார். அசதி, தூங்கட்டும் என்று விட்டேன். அக்கா விடவில்லை. மணிக்கொரு தரம் வந்து, "ஐயா, கண்ணைத் திறங்க, என் விரலைப் பிடிங்க" என்று தட்டி எழுப்பினார். எனக்குக் கோபமே வந்தது. நடுராத்திரி டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தவர், மறுபடி வலது கண்ணுக்கே வந்தார். கண்பாப்பா விரிந்து கிடந்தது. டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

ரத்தம் போகாத மூளை நீர் கோத்து வீங்குமாம். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகுமாம். மண்டை ஓடு விரிந்து கொடுக்காதே, வீக்கம் நல்ல மூளையையும் நசுக்கும். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தை ஏற்றினார்கள். அது போதாது, ஒரு பக்க எலும்பை எடுத்தால்தான் வீங்க இடம் கிடைக்கும், அதையும் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது என்றார் டாக்டர். "உயிரைக் காப்பாத்தப் பாக்கலாம், கையைத் திருப்பித் தர முடியாது" என்றும் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்குத் தனி நன்றி, டாக்டர்.

எடுத்த எலும்பை அப்பாவின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்திருந்தார்கள். தலைக்கட்டின் மேல் மார்க்கரில் 'இங்கே எலும்பு இல்லை' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த சித்தப்பா மயங்கி விழாத குறை. நாலாம் மாதம் எலும்பைத் திரும்ப வைத்தாயிற்று. இப்போது அப்பா வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறார். இடது கை இன்னும் வரவில்லை.

அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதற்கு மன்னித்துவிடுங்கள். அப்பாவுக்கு அந்த ராத்திரி எதுவும் நினைவில்லை. "யாரோ ஒரு பொண்ணு என்னைத் தூங்கவே விடலைடா" என்று மட்டும் சொல்கிறார்.